மதுரையில் ஒரே ஒரு பகல்: கீழடியா, காந்தி மியூசியமா, மகாலா?

வருஷத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி என் போனுக்கு வந்துவிடுகிறது. கல்யாணம், காதுகுத்து என்று மதுரைக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு விசேஷம் முடிந்த மறுநாள் ராத்திரிதான் ரயில் இருக்கும். நடுவில் கிடக்கிற அந்த ஒரு பகலை என்ன செய்வது? மீனாட்சியைக் கும்பிட்டாகிவிட்டது, ஜிகர்தண்டாவும் குடித்தாகிவிட்டது. "பிள்ளைங்களுக்கு ஏதாவது ஹிஸ்டரி மாதிரி காட்டலாம்னு பார்க்கிறோம்ப்பா, எங்க கூட்டிட்டுப் போகலாம்?" என்று கோயம்புத்தூர்ச் சித்தப்பா ஆரம்பிப்பார். அவருக்கு ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் விளக்குவதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று டிராவல்ஸ்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பார்க்கலாம்தான், ஆனால் பார்த்தது எதுவும் மனதில் நிற்காது. பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் ஐஸ்கிரீம் கேட்டு அழ ஆரம்பிப்பார்கள், பெரியவர்கள் இரண்டாவது இடத்திலேயே உட்கார இடம் தேடுவார்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எந்த ஒன்று என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பொருளோ கதையோ எந்த இடத்தைச் சேர்ந்ததோ, அதே நாளில் அந்த இடத்திலும் போய் நிற்க முடிகிறதா? மதுரையில் பெரும்பாலும் முடிகிறது. ஒவ்வொரு மியூசியத்துக்கும் பக்கத்திலேயோ கொஞ்சம் தள்ளியோ ஒரு ஜோடி இடம் இருக்கிறது. அந்த ஜோடியை விட்டுவிட்டு மியூசியத்தை மட்டும் பார்ப்பது, சாம்பார் இல்லாமல் இட்லி சாப்பிடுகிற மாதிரி.

சரி, கீழடி. எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஊர் மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர், ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமானைத் தாண்டி உள்ளே போக வேண்டும். நாம் மதுரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாலும் அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் தாலுகா (சிவகங்கைக்காரர் யாரிடமாவது 'மதுரை கீழடி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்). 2015ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட ஆரம்பித்தது. மூன்று கட்டம் முடிந்ததும் 2018லிருந்து மாநிலத் தொல்லியல் துறை எடுத்துச் செய்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 580 என்று காலம் வந்தது. 2019ல் அந்த அறிக்கை வெளியானதிலிருந்துதான் நம் வீட்டு டீவி, வாட்ஸப், பட்டிமன்றம் எல்லாவற்றிலும் கீழடி. மியூசியத்தை 2023 மார்ச் 5ல் திறந்தார்கள்.

கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. தூண், முற்றம், தாழ்வாரம் என்று பார்க்க அழகுதான், படம் எடுத்துக்கொள்ள இளசுகள் கூட்டம் அங்கேயே பாதி நேரம் நின்றுவிடுகிறது. எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல்: இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துப் பொருளை நூறு நூற்றைம்பது வருஷத்து வீட்டுப் பாணிக்குள் வைத்தால், விவரம் தெரியாத பிள்ளை கீழடிக்காரர்கள் இப்படித்தான் வீடு கட்டினார்கள் என்று நினைத்துக்கொள்ளும். என் அக்கா மகன் அப்படித்தான் நினைத்தான். செட்டிநாடும் சிவகங்கைச் சீமைதானே என்று அவன் அப்பா சமாளித்தார்.

உள்ளே பொருளைப் பொருளாக அடுக்காமல் தலைப்பு தலைப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வேளாண்மையும் நீரும் ஒரு கூடம், பானை வனைவது ஒரு கூடம், ஆடையும் அணிகலனும், கடல் வணிகம், அன்றாட வாழ்க்கை என்று போகிறது. தொடுதிரை, அனிமேஷன் எல்லாம் உண்டு. பிள்ளைகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், விடுங்கள். நீங்கள் இரண்டு இடத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள்.

ஒன்று, விளையாட்டுப் பொருள்கள் இருக்கிற இடம். யானைத் தந்தத்தில் செய்த சின்னப் பகடை. அதற்குப் பக்கத்தில் வட்ட வட்டமாகப் பானை ஓடுகள். நாலாம் கட்ட அகழாய்வில் மட்டும் இந்த வட்டச் சில்லுகள் அறுநூறுக்கு மேல் கிடைத்தன. உடைந்த பானையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓரத்தை உரசி உரசி வட்டமாக்கியிருக்கிறார்கள். என் அத்தை கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இது பாண்டி ஆடுற சில்லுல்ல? நாங்க ஓட்டுத் துண்ட திண்ணையில தேச்சு எடுப்போமே" என்றார். பக்கத்தில் இருந்த தகவல் பலகையும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரி, பலகையைப் படிக்கவே இல்லை.

இன்னொன்று, எழுத்துள்ள பானை ஓடுகள். அதே நாலாம் கட்டத்தில் தமிழி எழுத்து (தமிழ் பிராமி என்று சொல்கிற பழைய எழுத்து) பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள். பானை ஈரமாக இருக்கும்போதே எழுதியிருந்தால் குயவர் எழுதினார் என்று விட்டுவிடலாம். சுட்டு எடுத்த பிறகு கூரான எதையோ வைத்துக் கீறி எழுதியிருந்தால், வாங்கியவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டிருக்கலாம். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே சமாசாரம். கீறலின் ஓரத்தைப் பாருங்கள், சில ஓடுகளில் சொரசொரவென்று பிசிறு தெரியும். எழுத்து ஒரே மாதிரியும் இருக்காது, ஆளுக்கொரு கையெழுத்து. ஊரில் சாதாரண ஜனத்துக்கும் எழுத்து தெரிந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சூதுபவள மணி, அகேட் மணி எல்லாம் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துக் கல். நூல் நூற்கிற தக்களிக் குண்டுகள் நிறைய இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதோடு வண்டியில் ஏறி மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள் நம் ஜனங்கள், எனக்கு வயிறு எரிகிற இடம் அதுதான். ஏனென்றால் கீழடியின் ஜோடி இடம் தோண்டிய குழிதான். கொஞ்ச தூரத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. பொதுவாக அகழாய்வு முடிந்ததும், படம் எடுத்து, அளந்து, பொருளை எடுத்துக்கொண்டு, குழியை மண் போட்டு மூடிவிடுவார்கள். மழையிலும் வெயிலிலும் செங்கல் கரைந்துவிடாமல் இருக்க அதுதான் வழி. இங்கே சிலவற்றை மட்டும் மக்கள் பார்க்கட்டும் என்று மூடாமல் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். விளிம்பில் நின்று கீழே பார்த்தால் செங்கல் வரிசை, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுடுமண் வளையம் அடுக்கிய உறைகிணறு, குழிச் சுவரில் நிறம் மாறி மாறித் தெரிகிற மண் அடுக்கு. மேலே ஒரு சாண் உழவு மண், அதற்குக் கீழே போகப் போக ஒவ்வொரு விரற்கடையும் ஒரு தலைமுறை. மியூசியத்தில் 353 சென்டிமீட்டர் என்று படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது. குழி ஓரத்தில் நின்ற என் அக்கா மகன், "ரெண்டு மாமா உசரம்" என்றான். கணக்கு கிட்டத்தட்ட சரிதான்.

சங்கடம் என்னவென்றால் வெயிலும் போக்குவரத்தும். சொந்த வண்டி இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் பஸ்ஸில் போய் இறங்கி நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ. ஆட்டோ பேசினால் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசுங்கள். ஒரு முறை போவதற்கு மட்டும் பேசிவிட்டு, திரும்பி வரும்போது வண்டி கிடைக்காமல் மதியம் ஒரு மணி வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கூத்து அதற்கு முந்தின முறை நடந்தது. அத்தையை அழைத்துக்கொண்டு ஆசை ஆசையாகப் போய் நின்றால் கேட் சாத்தியிருக்கிறது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கீழடி மியூசியத்துக்குச் செவ்வாய் விடுமுறை. மற்ற அரசு மியூசியங்களுக்கு வெள்ளிதானே என்கிற மிதப்பில் நான் விசாரிக்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை எதுவும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது காந்தி மியூசியம். மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேர் இதை 'அஞ்சாப்பு டூர்ல போனது' என்று ஒதுக்கிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். தமுக்கத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிற கட்டடம், ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை. அப்புறம் வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரல் 15ல் நேரு வந்து மியூசியமாகத் திறந்துவைத்தார். ஆக, காந்தியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நாயக்கர் காலமும் கம்பெனிக்காரன் காலமும் இலவச இணைப்பு. உள்ளே போகவும் காசு கிடையாது.

முதலில் வருவது சுதந்திரப் போராட்ட வரலாறு, படமும் எழுத்துமாகப் பலகை பலகையாக. நீளமாக இருக்கும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அலுப்பாகவும் இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்தைச் சுவரில் ஒட்டியது போல. பிள்ளைகளுடன் போனால் இங்கே வேகமாக நடந்துவிடுங்கள். அதற்கப்புறம் காந்தி பயன்படுத்திய பொருள்கள். பலதும் நகல்கள்தான், அசல் கொஞ்சம். 1939ல் ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தை அங்கே படிக்கலாம், போர் வேண்டாம் என்று கேட்டு. நண்பரே என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் காலேஜ் பையன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், பிறகு வெளியே வந்து மாமாவிடம் அரை மணி நேரம் சண்டை போட்டான், கடிதம் எழுதியது சரியா தப்பா என்று.

கடைசியில் அந்த அறை. சுவர் கறுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள், சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணி. ரத்தக்கறை என்றதும் சிவப்பாக எதையோ எதிர்பார்த்துப் போகிறோம். பழுப்பேறிப்போய், மடிப்போடு மடிப்பாக, பழைய துருக்கறை மாதிரி இருக்கிறது. கறை எது, துணியின் வயசு எது என்று பிரித்துச் சொல்ல கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமே நின்றிருந்தது, டீச்சர் அதட்டாமலே பிள்ளைகள் சத்தம் குறைந்துவிட்டது.

இப்போது இதன் ஜோடி இடம். நிறையப் பேருக்குத் தெரியாது என்று எனக்கே பல முறை தெரிந்திருக்கிறது, மேலமாசி வீதியில் தினமும் கடைக்குப் போகிறவர்கள் உட்பட. 1921 செப்டம்பர் 22ல் காந்தி சட்டை, தொப்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடுப்புத்துணிக்கு மாறியது மதுரையில், மேலமாசி வீதி 251ஏ வீட்டு மாடியில். மெட்ராஸிலிருந்து மதுரைக்கு வருகிற ரயிலில், கூட வந்தவர்களிடம் ஏன் கதர் உடுத்தவில்லை என்று கேட்டிருக்கிறார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று பதில் வந்திருக்கிறது. அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார், கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் கதர்க்கடை நடக்கிறது. மாற்றிய உடையோடு முதன்முதலாக ஜனங்கள் முன்னால் வந்து நின்ற இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர், காமராசர் சாலையில் சிலை இருக்கிறது. தமுக்கத்தில் கடைசித் துணியைப் பார்த்துவிட்டு மேலமாசி வீதியில் முதல் துணியின் இடத்துக்குப் போகிற இந்த வழியை எந்த டூர்க்காரரும் போட்டுக்கொடுக்க மாட்டார், நீங்களாகத்தான் போக வேண்டும். ஆட்டோவில் இருபது நிமிஷம், மாசி வீதி நெரிசலைப் பொறுத்துக் கூடக் குறைய ஆகும்.

மியூசியம் மதியம் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள், வெள்ளி விடுமுறை. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது, 1981ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வந்தது. சிலைகள், நாணயம், பாடம் பண்ணிய பறவைகள் என்று எல்லா ஊர் அரசு மியூசியத்திலும் இருக்கிற கலவைதான். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள், இதற்காக மட்டும் போக வேண்டாம்.

மகாலைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்கும், ஏனென்றால் ஊர்ப் பாசம். 1636ல் திருமலை நாயக்கர் கட்டியது. இன்றைக்கு நாம் பார்ப்பது கால்வாசிதான் இருக்கும். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றியபோது நிறையப் பிரித்து எடுத்துப் போய்விட்டார், அதற்கப்புறம் காலம் மிச்சத்தைத் தின்றது. 19ஆம் நூற்றாண்டில் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் சொல்லாவிட்டால் இதுவும் இருந்திருக்காது. 1970 வரை கோர்ட்டு உள்ளேதான் நடந்தது. எங்கள் தாத்தா ஒரு நிலத் தகராறுக்காக அந்தத் தூணடியில்தான் வாய்தாவுக்குக் காத்துக் கிடந்தாராம். வீட்டில் இன்றைக்கும் மகால் என்றால் அந்தக் கேஸ் கதைதான் முதலில் வரும்.

சொர்க்கவிலாசம் முற்றத்தில் போய் நின்றதும் யாருக்கும் வாய் திறந்துகொள்ளும், அதில் சந்தேகமில்லை. 248 தூண்கள், வெளியே சுண்ணாம்புச் சுதை பூசி வழவழவென்று தேய்த்தது. ஒரு தூணைச் சேர்த்துக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் கைகோக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஆனால் அதே தூணில் கை எட்டுகிற உயரம் வரைக்கும் பாருங்கள்: ஒரு இதயம், ஒரு அம்பு, இரண்டு பெயர், வருஷம். வெள்ளையடித்து மறைத்தாலும் கீறல் பள்ளம் தெரிகிறது. கீழடிக்காரன் தன் பானையில் பெயர் எழுதினான், இவன் நாயக்கர் தூணில் எழுதியிருக்கிறான்.

மியூசியம் என்று பார்த்தால் நாடகசாலைப் பக்கம் கற்சிலைகளும் கல்வெட்டுகளும் வைத்திருக்கிறார்கள். நல்ல பொருள்கள்தான், ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனால் கல் கல்லாகவே இருக்கும். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால்தான் மகாலை ஒப்பீட்டில் மூன்றாவதாக வைக்கிறேன். கட்டடம் பிரமாதம், காட்சிக்கூடம் சுமார். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு, அன்றைக்கு நடக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மகாலின் ஜோடி இடம் அதைவிட ருசி. மகாலை விட்டு வெளியே வந்து, துணிக்கடைச் சந்துகளுக்குள் பத்துத் தூண் எங்கே என்று கேளுங்கள். மொத்தவியாபாரக் கடைகளுக்கு நடுவில், மின்கம்பி, விளம்பரப் பலகை, சைக்கிள் ரிக்‌ஷா எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு பிரம்மாண்டமான தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே கூரை இல்லை, சுற்றி அரண்மனை இல்லை. மகால் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை மகாலுக்குள் நின்றால் தெரியாது, இந்தச் சந்தில் நின்றால் தெரியும். அப்படியே விளக்குத்தூண் வரை நடந்து போங்கள். அது பிளாக்பர்ன் என்கிற கலெக்டரின் நினைவாக வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தவர் அவர். இடிக்கிற வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதிகள், மேஸ்திரி பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள். ஒரு மேஸ்திரி பெயரில் வீதிகள் இருக்கிற ஊர் வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் வரைபடமே இங்கே ஒரு மியூசியம். அந்த மூலையிலேயே ஜிகர்தண்டாவும் கிடைக்கும்.

கோயிலுக்குள் இருக்கிற ஆயிரங்கால் மண்டபத்தைப் பலர் சாமி கும்பிடுகிற அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். 1569ல் அரியநாத முதலியார் கட்டியது, எண்ணினால் தூண் 985தான் வரும். 1966லிருந்து உள்ளே கோயில் கலைக்கூடம் இருக்கிறது, தனி டிக்கெட். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கிடையாது என்பதால் இங்கே யாரும் படம் எடுக்க மாட்டார்கள். சிலையைச் சிலையாகவே பார்க்கிற ஜனக்கூட்டத்தை நான் சமீபத்தில் பார்த்தது இங்கே மட்டும்தான். எப்படியும் கோயிலுக்குப் போகத்தான் போகிறீர்கள், முக்கால் மணி நேரம் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் போட்டியில் சேர்க்கவில்லை.

மியூசியமே வேண்டாம், வெளியே சுற்றுகிற மாதிரி ஏதாவது சொல்லு என்று கேட்கிற இளவட்டங்களுக்குக் கீழக்குயில்குடி சமணமலை. மதுரைக்கு மேற்கே, காலை ஆறு ஆறரைக்குப் போய்விட வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். செட்டிப்புடவு குகைக்கு வெளியே பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து, ஊர்க்காரர்கள் கடுக்கன் போட்ட செட்டியார் என்று நினைத்துக்கொண்டதால்தான் செட்டிப்புடவு என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். குகைக்குள் நுழைந்து மேலே பார்த்தால், சிங்கத்தின் மேல் ஏறிய ஒரு தேவி, வில்லோடு, யானைமேல் வருகிறவனை எதிர்த்து நிற்கிறாள். இன்னொரு பக்கம் ஏறினால் பேச்சிப்பள்ளம், வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. யார் செய்வித்தது என்று பெயர் போட்டிருக்கிறது. பலகை, தொடுதிரை, ஏசி எதுவும் கிடையாது, காசும் கிடையாது. முட்டிவலிக்காரர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

இப்போது சித்தப்பா கேள்விக்கு வருகிறேன். சொந்த வண்டி இருக்கிறது, பிள்ளைகள் ஏழெட்டு வயசுக்கு மேல், ஒரு அரைநாளை முழுசாகக் கொடுக்க முடியும் என்றால் யோசிக்காமல் கீழடி. ஆனால் மியூசியம் திறக்கிற நேரத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் குழியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மியூசியத்துக்குள் நுழையுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். குழியை முதலில் பார்த்தால் உள்ளே பார்க்கிற ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு ஆழம் மனதில் இருக்கும், தவிர பன்னிரண்டு மணி வெயிலில் நீங்கள் கூரைக்குள் இருப்பீர்கள்.

வண்டி இல்லை, பாட்டி கூட வருகிறார், ரயில் சாயங்காலமே என்றால் காந்தி மியூசியமும் மேலமாசி வீதியும். பாட்டி கதர்க்கடைக்குக் கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். என் சொந்த ஓட்டைக் கேட்டால், இரண்டாவது முறை மதுரைக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்கிறேன். கீழடிக்குப் போ என்று சொல்ல ஊரே இருக்கிறது, இதற்கு ஆள் இல்லை.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, கோயிலில் இருந்து நடந்தே போக வேண்டும் என்றால் மகால், பத்துத் தூண், விளக்குத்தூண். கைக்குழந்தை இருந்தாலும் இதுதான், முற்றத்தில் தவழ விடலாம். மகாலையும் காந்தி மியூசியத்தையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மாமா ஒரு முறை கிளம்பினார். மகாலில் தூண் தூணாகப் போட்டோ எடுத்து, தமுக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. கேட்டுக்கு வெளியே இளநீர் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காந்தி மியூசியம் முதலில், மகால் பிறகு என்று போனால் அந்த இளநீர்ச் செலவு மிச்சம்.

கிளம்புகிற அன்று காலண்டரைப் பாருங்கள். செவ்வாய் என்றால் கீழடி இல்லை, வெள்ளி என்றால் காந்தி மியூசியம் இல்லை. சித்தப்பா இந்த முறை வருவது வெள்ளிக்கிழமையாம், அதனால் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சிலைமான் ரோடுதான். அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்குச் செவ்வாய் இல்லையே என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.